அச்சுக்கூடத்தில் நின்ற பெண்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய புகைப்படங்கள் வரலாற்றுக்குச் சாட்சியாகுமா என்பது இன்று நம் முன் வைக்கப்பட்டுள்ள கேள்வி. பொதுவாகப் பேசிக்கொண்டு போவதைவிட, ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்ல விரும்புகிறேன். அந்தப் படம் 1914ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், லரேடோ என்ற எல்லை நகரில் எடுக்கப்பட்டது. ஒரு ஸ்பானிய மொழிப் பத்திரிகையின் அச்சுக்கூடம் அது. ஆண்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே, வலப்புறத்திலிருந்து இரண்டாவதாக ஒரு பெண் நிற்கிறார். அவர் பெயர் ஹோவித்தா இதார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அந்தக் காலத்துப் பெண்களின் படங்கள் பெரும்பாலும் ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டவை. பின்னால் திரைச்சீலை, பக்கத்தில் ஒரு நாற்காலி, கையில் புத்தகமோ பூவோ இருக்கும். குடும்பத்துக்காக, திருமணத்துக்காக, நினைவுக்காக எடுத்த படங்கள் அவை. ஹோவித்தாவுக்கும் இளம் வயது முகப்படம் ஒன்று உண்டு. அதைப் பார்த்தால் நல்ல குடும்பத்துப் பெண் என்று தெரியும். அவர் என்ன செய்தார் என்பது தெரியாது. 1914ஆம் ஆண்டுப் படம் அவரை வேலை செய்யும் இடத்தில் காட்டுகிறது. அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண் ஒருவர் பத்திரிகைத் தொழிலில் இருந்தார் என்பதற்குக் கண்முன் நிற்கும் ஆதாரம் அது. அந்த இடத்துக்கு அவர் எப்படி வந்தார், அங்கே பிறகு என்ன நடந்தது என்பதைச் சொன்னால்தான் படத்தின் மதிப்பு விளங்கும்.

ஆற்றின் இரு கரை

லரேடோ நகரம் 1755இல் ஸ்பானியர்கள் ஆண்ட காலத்தில் உருவானது. பிறகு மெக்சிகோவின் பகுதியாக இருந்தது. 1846இல் அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் போர் மூண்டது. 1848இல் கையெழுத்தான குவாடலூப்பே இடால்கோ ஒப்பந்தப்படி ரியோ கிராண்டே ஆறு எல்லையானது. ஆற்றின் வடகரையில் இருந்த லரேடோ அமெரிக்காவுக்குப் போயிற்று. தென்கரையில் நுவேவோ லரேடோ, அதாவது புதிய லரேடோ, எழுந்தது. மாமன் ஒரு நாட்டில், மருமகன் இன்னொரு நாட்டில் என்ற நிலை. அந்த மக்கள் எல்லையைக் கடந்து வரவில்லை. எல்லைதான் அவர்களைக் கடந்து போனது என்று அங்குள்ளவர்கள் இன்றும் சொல்வதுண்டு.

ஒப்பந்தம் அவர்களுக்குக் குடியுரிமையைத் தந்தது. நடைமுறை வேறாக இருந்தது. நிலம் கைமாறியது. நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். பல ஊர்களில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி. சில இடங்களில் பள்ளியே இல்லை. இந்தச் சூழலில்தான் ஸ்பானிய மொழிப் பத்திரிகைகள் தோன்றின. அவை செய்தி கொடுத்ததோடு நிற்கவில்லை. முறையிட வேறு வழி இல்லாதவர்களுக்கு மனு எழுதும் மேசையாகவும் இருந்தன.

ஹோவித்தா 1885 செப்டம்பர் 7ஆம் தேதி லரேடோவில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஒருவர். தந்தை நிக்காசியோ இதார் 'லா குரோனிகா' என்ற வார இதழை நடத்தியவர். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அரசியலும் அச்சு மையும் கலந்திருந்த குடும்பம் என்று சொல்லலாம்.

பள்ளியிலிருந்து பத்திரிகைக்கு

ஹோவித்தா முதலில் பத்திரிகைக்கு வரவில்லை. மெத்தடிஸ்ட் திருச்சபை நடத்திய பள்ளியில் படித்து, 1903இல் ஆசிரியர் சான்றிதழ் பெற்றார். லரேடோவுக்கு அருகே லோஸ் ஓஹுவேலோஸ் என்ற சிற்றூரில் ஆசிரியையாகச் சேர்ந்தார். அங்கே போதுமான பாடநூல் இல்லை; நாற்காலிகூடப் போதவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆசிரியைக்கு மனம் இருந்தும் கையில் பொருள் இல்லை. ஒரு வகுப்பறைக்குள் இருந்துகொண்டு இதை மாற்ற முடியாது என்று அவர் முடிவு செய்தார். வேலையை விட்டுவிட்டுத் தந்தையின் பத்திரிகைக்கு வந்தார். சகோதரர்கள் கிளெமெந்தே, எதுவார்தோ இருவரும் அங்கே ஏற்கனவே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் பலர் புனைபெயரில் எழுதினார்கள். ஹோவித்தாவும் இரண்டு பெயர்கள் வைத்துக்கொண்டார். ஒன்று 'ஆவே நேக்ரா', கரும்பறவை என்று பொருள். மற்றொன்று 'அஸ்திரேயா', கிரேக்கப் புராணத்தில் நீதிக்குரிய தெய்வத்தின் பெயர். எதைப் பற்றி எழுத விரும்பினார் என்பதை அந்தப் பெயர்களே சொல்லிவிடுகின்றன.

அவர் எழுதியவற்றில் நம் நேயர்களுக்கு உடனே விளங்கக் கூடியது மொழி பற்றிய கருத்து. 1911இல் 'லா குரோனிகா'வில் அவர் வாதிட்டது இதுதான்: வாழும் நாட்டின் மொழியைப் பிள்ளைகள் கற்கத்தான் வேண்டும், அதில் மறுப்பில்லை. ஆனால் அதற்காகத் தாய்மொழியையும் தம் மக்களின் வரலாற்றையும் பள்ளியிலிருந்து துரத்துவது சரியல்ல. ஆங்கிலத்தை எதிர்க்காமல் ஸ்பானிய மொழிக்கு இடம் கேட்டார். சிறுபான்மை மொழியில் நாளிதழ் வாங்கிப் படிக்கும் நமக்கு இந்த வாதத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பெண்கள் படிக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், தங்கள் உரிமையை அறிந்திருக்க வேண்டும் என்றும் எழுதினார். அமெரிக்கா முழுவதிலும் பெண் என்ற காரணத்துக்காக வாக்குரிமை மறுக்கக் கூடாது என்ற சட்டத் திருத்தம் வந்தது 1920இல்தான். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எல்லை நகரத்துச் சிறிய இதழ் ஒன்றில் இந்தக் குரல் ஒலித்தது.

கும்பல் கொலைகளும் ஒரு மாநாடும்

1910 நவம்பர் 3ஆம் தேதி டெக்சஸின் ராக்ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் அந்தோனியோ ரொத்ரிகேஸ் என்ற இருபது வயது இளைஞரை ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துச் சென்று உயிரோடு எரித்தது. பண்ணை முதலாளி ஒருவரின் மனைவியைக் கொன்றதாக அவர் மீது குற்றச்சாட்டு. விசாரணையே நடக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் தார்ன்டேல் என்ற ஊரில் அந்தோனியோ கோமஸ் என்ற பதினான்கு வயதுச் சிறுவனைக் கும்பல் கொன்றது.

இவை தனித்தனி நிகழ்ச்சிகள் அல்ல. வில்லியம் கேரிகன், கிளைவ் வெப் என்ற இரண்டு வரலாற்றாசிரியர்கள் 1848 முதல் 1928 வரை அமெரிக்காவில் கும்பல் கொலைக்கு ஆளான மெக்சிகோ வம்சாவளியினரில் ஆதாரத்தோடு உறுதிசெய்யக் கூடியவர்களை மட்டும் எண்ணினார்கள். கிடைத்த எண்ணிக்கை 547. பதிவாகாமல் போனவை இதில் சேரவில்லை.

'லா குரோனிகா' இந்தக் கொலைகளைக் கண்டித்து எழுதியது. கண்டனம் மட்டும் போதாது என்று இதார் குடும்பத்தினர் நினைத்தார்கள். 1911 செப்டம்பர் 14 முதல் 22 வரை லரேடோவில் முதலாவது மெக்சிகோ மக்கள் மாநாட்டைக் கூட்டினார்கள். பரஸ்பர உதவிச் சங்கங்கள் பேராளர்களை அனுப்பின. பள்ளிப் பாகுபாடு, கும்பல் கொலை, தொழிலாளர் நிலை, மொழி, பெண் கல்வி எல்லாம் விவாதிக்கப்பட்டன. பெண்களும் மேடை ஏறிப் பேசினார்கள்.

மாநாடு முடிந்த அடுத்த மாதமே, 1911 அக்டோபரில், மெக்சிகோ மகளிர் சங்கம் அமைந்தது. அதன் முதல் தலைவி ஹோவித்தா. உறுப்பினர்களில் பலர் ஆசிரியைகள். பள்ளிக்குப் போக வழியில்லாத ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் நடத்துவது அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் பணி. நாற்காலி இல்லாத வகுப்பறையை விட்டு வந்தவர், வகுப்பறையை மறந்துவிடவில்லை.

ஆற்றைக் கடந்த தாதிகள்

1910இல் மெக்சிகோவில் புரட்சி வெடித்தது. 1913 மார்ச் மாதம் நுவேவோ லரேடோ தாக்கப்பட்டது. துப்பாக்கிச் சத்தம் இக்கரைக்குக் கேட்கும். லியோனோர் வியேகாஸ் தே மக்னோன் என்ற துணிச்சலான பெண்மணி தம் தோழியரைத் திரட்டிக்கொண்டு, காயம்பட்டவர்களுக்கு மருந்து போட ஆற்றைக் கடந்தார். ஹோவித்தாவும் போனார். 'வெண் சிலுவை' என்ற மருத்துவத் தொண்டர் படை இப்படித்தான் பிறந்தது. 1914 தொடக்கத்தில் மறுபடியும் சண்டை வந்தபோது, லியோனோர் லரேடோவில் இருந்த தம் இல்லத்தையே மருத்துவமனையாக்கினார்.

இன்றைய தலைப்போடு ஒட்டிய செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. இந்தப் பெண்களின் தொண்டைப் பிற்காலத்தார் மறந்துவிடுவார்கள் என்று லியோனோர் அப்போதே அஞ்சினார். படங்களையும் ஆவணங்களையும் சேர்த்து வைத்தார். தம் நினைவுகளை ஸ்பானிய மொழியில் எழுதினார்; பிறகு ஆங்கிலத்திலும் எழுதினார். அவர் உயிரோடு இருந்தவரை ஒரு பதிப்பகமும் அதை நூலாக்க முன்வரவில்லை. 1955இல் காலமானார். கிளாரா லோமாஸ் என்ற ஆய்வாளரின் முயற்சியால் 1994இல்தான் அது நூலானது. சேர்த்து வைத்த கை இல்லையென்றால் அந்தப் பெண்கள் காற்றோடு போயிருப்பார்கள்.

வாசலில் நின்ற நாள்

போர்முனையிலிருந்து திரும்பிய ஹோவித்தா 'எல் புரோகிரேசோ' என்ற பத்திரிகையில் சேர்ந்தார். முன்னேற்றம் என்று பொருள். தொடக்கத்தில் நான் சொன்ன படம் இந்தப் பத்திரிகையின் அச்சுக்கூடத்தில் எடுத்ததுதான்.

1914இல் அதிபர் உட்ரோ வில்சன் எல்லைக்குப் படைகளை அனுப்பினார். அதைக் கண்டித்து 'எல் புரோகிரேசோ' தலையங்கம் எழுதியது. ராணுவத்துக்கும் டெக்சஸ் ரேஞ்சர்களுக்கும் கோபம் வந்தது. ரேஞ்சர்கள் என்பவர்கள் மாநிலத்தின் ஆயுதமேந்திய காவல் படை. திரைப்படங்களில் வீரர்களாக வருபவர்கள். எல்லையோர மெக்சிகோ மக்களுக்கோ அந்தப் பெயரைக் கேட்டாலே நடுக்கம்.

பத்திரிகையை மூடுவதற்காக ரேஞ்சர்கள் அச்சுக்கூடத்துக்கு வந்தார்கள். ஹோவித்தா வாசலில் வந்து நின்றுகொண்டார். உள்ளே விட மறுத்தார். அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் 1791 முதல் பத்திரிகைச் சுதந்திரத்துக்குக் காவலாக இருக்கிறது. அந்த நாட்டுக் குடிமகள் என்ற முறையில் அவர் நின்ற இடம் சட்டப்படி சரியான இடம். ரேஞ்சர்கள் திரும்பிப் போனார்கள்.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. ஹோவித்தா இல்லாத நேரம் பார்த்து அவர்கள் மறுபடியும் வந்தார்கள். அச்சு இயந்திரங்களை உடைத்தார்கள். 'எல் புரோகிரேசோ' மூடப்பட்டது.

கையால் எழுத்துக் கோர்த்த காலத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். ஒவ்வொரு எழுத்தும் ஓர் ஈயத் துண்டு. அறை அறையாகப் பிரித்த பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, தலைகீழாக வரி கோர்க்க வேண்டும். அப்படிப்பட்ட அச்சுக்கூடத்தை உடைத்தால் ஒரு நாள் இதழ் மட்டும் நின்றுபோவதில்லை. ஒரு சமூகம் காசு காசாகச் சேர்த்து வாங்கிய வாய் அடைபட்டுப் போகிறது.

படம் காட்டுவதும் காட்டாததும்

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஹோவித்தா வாசலில் நின்ற காட்சிக்குப் படம் இல்லை. அந்த நேரத்தில் அங்கே கேமராவோடு யாரும் காத்திருக்கவில்லை. அந்தச் செயல் நமக்குக் கிடைத்திருப்பது நினைவின் வழியாக. குடும்பத்தார் சொன்னார்கள், பிற்காலத்தில் ஆய்வாளர்கள் கேட்டு எழுதிக்கொண்டார்கள். இன்று நூல்களிலும் செய்தித்தாள்களிலும் அந்த வீரச் செயலைச் சொல்லும்போது அச்சுக்கூடப் படத்தைப் பக்கத்தில் போடுகிறார்கள். பார்ப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்கிறார்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. படம் தானாகப் பேசுவதில்லை. கீழே எழுதியிருக்கும் விளக்கம்தான் பேசுகிறது. பெயர் எழுதாத படமாக இருந்திருந்தால், இந்தப் பெண்ணை ஒரு தொழிலாளியின் மனைவி என்றோ, அன்று பார்க்க வந்த உறவினர் என்றோ நினைத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்போம். அவர் எழுதியவற்றை இதழ்களில் படிக்க முடிகிறது. அதனால் படத்தில் இருப்பவர் எழுத்தாளர் என்று தெரிகிறது. குடும்பத்தார் பெயரைக் காத்து வைத்திருந்தார்கள். அதனால் இரண்டாவதாக நிற்பவர் யார் என்று தெரிகிறது. படம், எழுத்து, நினைவு மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒன்றை உருவினாலும் மற்றவை சாய்ந்துவிடும்.

அப்படியானால் படத்தின் சாட்சியம் என்ன? அந்த அச்சுக்கூடம் இருந்தது. அதில் ஒரு பெண் ஆண்களுக்குச் சமமாக நின்றார். உடைக்கப்பட்டது ஏதோ ஒரு கருத்து அல்ல. சுவரும் இயந்திரமும் வேலையாட்களும் கொண்ட ஓர் இடம். நினைவு மட்டும் இருந்திருந்தால், இது பின்னாளில் கட்டிய கதை என்று யாராவது ஒதுக்கியிருக்கலாம். அடியோடு அழிக்க நினைத்த ஓர் இடம் அந்தப் படத்தில் தங்கிவிட்டது. சான் அன்டோனியோவில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் நூலகப் படச் சேகரிப்பில் அது இருக்கிறது.

பின்னால் வந்த தீர்ப்பு

ரேஞ்சர்களின் போக்கு அதோடு அடங்கவில்லை. 1915இல் எல்லைப் பகுதியில் நூற்றுக்கணக்கான மெக்சிகோ வம்சாவளியினர் ரேஞ்சர்களாலும் கும்பல்களாலும் கொல்லப்பட்டார்கள். 1918 ஜனவரியில் போர்வெனிர் என்ற சிற்றூரில் பதினைந்து ஆண்களையும் சிறுவர்களையும் வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். 1919இல் ஹோசே கனாலெஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் ரேஞ்சர்கள் மீது பத்தொன்பது குற்றச்சாட்டுகளைக் கொண்டுவந்தார். விசாரணை நடந்தது. படையின் அளவு குறைக்கப்பட்டது. ஆனால் அந்த விசாரணையின் பதிவுகள் பல பத்தாண்டுகள் பொதுமக்கள் பார்வைக்கு வராமலே கிடந்தன.

ஹோவித்தா எழுதுவதை நிறுத்தவில்லை. 1914இல் தந்தை மறைந்தார். 1916இல் சகோதரர் எதுவார்தோவோடு சேர்ந்து 'எவொலுசியோன்' என்ற இதழைத் தொடங்கினார். 1917இல் பார்த்தோலோ ஹுவாரெஸ் என்பவரை மணந்து சான் அன்டோனியோவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே இலவச மழலையர் பள்ளி நடத்தினார். ஆங்கிலம் தெரியாத நோயாளிகளுக்காக மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். மெத்தடிஸ்ட் சபையின் ஸ்பானிய இதழான 'எல் எரால்தோ கிறிஸ்தியானோ'வின் ஆசிரியர் பணியில் பங்கெடுத்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. 1946இல் அறுபதாம் வயதில் காலமானார். சகோதரர்கள் கிளெமெந்தேயும் எதுவார்தோவும் 1929இல் லத்தீன் அமெரிக்கக் குடிமக்களின் ஐக்கிய சங்கம் உருவாக உழைத்தவர்கள். அந்தச் சங்கத்தின் வரலாற்றில் அவர்கள் பெயர் நிலைத்தது. சகோதரியின் பெயர் நெடுங்காலம் அடிக்குறிப்பாகவே இருந்தது.

நிலை மாறியது பிற்காலத்தில்தான். 1970களில் மெக்சிகோ வம்சாவளி ஆய்வாளர்கள் பழைய ஸ்பானிய இதழ்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினார்கள். 1974இல் ஹோசே லிமோன் 1911ஆம் ஆண்டு மாநாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 2020இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், தான் அன்று மரணச் செய்தி வெளியிடத் தவறிய மனிதர்களுக்கான தொடரில் ஹோவித்தாவைப் பற்றி எழுதியது. இறந்து எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்த இரங்கல் செய்தி அது. 2023இல் அமெரிக்க நாணயச் சாலை அவர் உருவத்தைக் கால் டாலர் நாணயத்தில் பொறித்தது. கைகளைக் கோத்து நிற்கும் அவருடைய ஆடை முழுவதும் எழுத்துகள்: ஆசிரியை, தாதி, பத்திரிகையாளர் என்ற சொற்களும், அவர் பணியாற்றிய இதழ்களின் பெயர்களும். மூடப்பட்ட 'எல் புரோகிரேசோ'வின் பெயரும் அதில் இருக்கிறது. அதை மூடவைத்த அரசாங்கத்தின் காசிலேயே அந்தப் பெயர் இப்போது கை மாறிக்கொண்டிருக்கிறது என்று சொல்லத் தோன்றும். ஆனால் மூடியது மாநிலப் படை, நாணயம் அடித்தது மத்திய அரசு. வரலாற்றில் இந்த வேறுபாட்டையும் மறக்கக் கூடாது.

நேயர்களே, பழைய படம் வரலாற்றுக்குச் சாட்சியாகுமா என்று கேட்டால், ஆகும் என்பது என் பதில். ஒரு நிபந்தனை உண்டு. அதில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டு அலமாரியிலும் பழைய படங்கள் இருக்கும். பாட்டி இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறத்தில் பென்சிலால் பெயர்களை எழுதி வையுங்கள். வலப்புறத்திலிருந்து இரண்டாவது யார் என்பது ஒரு நாள் யாருக்காவது தேவைப்படும்.